மீனுக்குப் போஜொலே ஊற்றலாமா?

ரோன்கரை:
பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் மதிய விருந்து. முதலில் கெனெல். பைக் என்ற நன்னீர் மீனின் சதையை அரைத்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்து உருட்டி வேகவைத்து, சிங்கிறால் மணக்கும் வெண்ணெய்க் குழம்பில் போட்டுத் தருவார்கள். அடுத்து கிரீமும் காளானும் சேர்த்த, பிரெஸ் வட்டாரத்துக் கோழி. ஒயின் என் பொறுப்பு. இரண்டுக்கும், லியோனுக்கு வடக்கே விளையும் சிவப்பு ஒயினான போஜொலே போதும் என்றேன். உடன் வேலை பார்ப்பவர் "மீனுக்குச் சிவப்பா?" என்று சிரிக்கிறார். உங்கள் கருத்து என்ன?

பழையபாடம்:
சிரித்தவர் பக்கம்தான் நான். மத்தி மீனைத் தின்ற வாயில் துவர்ப்பான சிவப்பு ஒயினான போர்தோவை ஒரு மிடறு ஊற்றிப் பாருங்கள். பழைய இரும்புச் சாவியை நக்கியது போல இருக்கும். போஜொலேக்கு வடக்கே ஒட்டினாற்போல மாக்கோன் இருக்கிறது. அங்கே சார்தொனே திராட்சையில் அருமையான வெள்ளை ஒயின் செய்கிறார்கள். கெனெலுக்கு அதை விட்டுவிட்டு வேறு எதற்கு அலைய வேண்டும்?

கமேப்பித்தன்:
போர்தோ செய்த குற்றத்துக்குப் போஜொலேக்குத் தண்டனையா? போஜொலேயின் திராட்சை கமே. தோல் மெல்லியது, துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். செய்முறையும் வேறு. குலையைப் பிரிக்காமல் முழுதாகத் தொட்டியில் போடுகிறார்கள். அடியில் கிடப்பவை எடையில் நசுங்கிப் புளிக்கின்றன. அதில் கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிறைக்க, மேலே உள்ள பழங்கள் உடையாமலேயே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்குகின்றன. தோலிலிருந்து நிறமும் பழ மணமும் வருகின்றன. துவர்ப்பு அவ்வளவாக இறங்குவதில்லை. 12 முதல் 14 டிகிரிக்குக் குளிரவைத்து ஊற்றினால் வெண்ணெய்க் குழம்பின் கொழுப்பை அந்தப் புளிப்பு அறுத்துவிடும். தடையாக இருந்தது துவர்ப்புதான். நிறத்தைப் பார்த்து விதி எழுதியவர்கள் சோம்பேறிகள்.

பழையபாடம்:
கமேக்கு இவ்வளவு பரிவா! பர்கண்டிக் கோமகன் பிலிப் 1395-லேயே தம் மண்ணிலிருந்து அந்தக் கொடியைப் பிடுங்கி எறிய ஆணையிட்டார். நவம்பர் மூன்றாம் வியாழன் வந்தால் அந்த ஆண்டு அறுவடையில் செய்த ஒயினுக்கு உலகமெங்கும் புதுப் போஜொலே என்று கொட்டுமுழக்கம். 1985 முதல் இதே தேதிதான். வாழைப்பழ வாடையோடு வரும் அந்தச் சாற்றையா விருந்துக்கு எடுத்துப்போவது?

ஆய்வுமேசை:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிப்பி வகையான ஸ்காலப்போடு பல ஒயின்களைச் சுவைத்துப் பார்த்தார்கள். கவுச்சி நாற்றத்தைக் கிளப்பியது ஒயினில் கரைந்திருந்த இரும்பு. அளவு கூடக்கூட நாற்றமும் கூடியது. சிவப்பில் இரும்பு பெரும்பாலும் அதிகம் என்றாலும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். இரும்புச் சாவி என்று பழையபாடம் சொன்னது வெறும் உவமை இல்லை போலிருக்கிறது.

கமேப்பித்தன்:
ஆக, சிவப்பை மொத்தமாக ஒதுக்க அந்த ஆய்விலும் இடமில்லை. தவிர, கெனெலில் இருப்பது எண்ணெய் வழியும் கடல்மீன் அல்ல, சப்பென்ற ஆற்றுமீன்.

கோமகன் விரட்டியது பர்கண்டியிலிருந்து. தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில்தான் கமேக்கு வாழ்வு வந்தது. வடபகுதியில் பத்து ஊர்ப்பகுதிகள் தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கின்றன. மொர்கோன், மூலன்-ஆ-வான் இரண்டும் நல்ல ஆண்டில் பத்து வருடம் தாங்கும். அவை கனமானவை, மீனுக்கு எடுக்காதீர்கள் ரோன்கரை. உயரத்தில் விளையும் ஷிரூபிள் மெலிதானது, கெனெலுக்கு அது. கோழிக்கு மொர்கோன்.

பழையபாடம்:
கோழிக்குமா? பிரெஸ்ஸுக்குக் கிழக்கே ஜூரா மலை. அங்கே மஞ்சள் ஒயின் என்று ஒன்று, பீப்பாயில் ஆறு வருடத்துக்கு மேல் கிடந்து, வாதுமைக்கொட்டை வாசனையோடு வருகிறது. கிரீமும் காளானும் சேர்த்த கோழியை அதிலேயே சமைப்பவர்கள் உண்டு. இத்தனை பொருத்தமான துணையை ஒதுக்கிவிட்டு மொர்கோனைக் கட்டிவைக்கிறீர்கள்.

சந்தைச்சுற்றி:
இரண்டு உணவுமே போஜொலேயின் சொந்த இடமல்ல. லியோனின் புஷோன் எனப்படும் சிறு உணவகங்களுக்குப் போய்ப் பாருங்கள். அடி கனத்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் போஜொலே வரும். பக்கத்தில் உலர்ந்த பன்றி சாசேஜ். குடலை அடைத்துச் செய்து கடுகுக் குழம்போடு தரும் அந்துயெத், அதன் வாடையை முதன்முறை தாங்குவது சிரமம். பூண்டும் பச்சை வெங்காயத்தாளும் நறுக்கிப் பிசைந்த மென்மையான வெண்பாலாடைக்கட்டி. உப்பும் கொழுப்பும் சேர்ந்த இந்தத் தட்டுக்கு முன்னால் மஞ்சள் ஒயின் பேச்சுக்கே இடமில்லை.

ரோன்கரை:
நண்பரிடம் விசாரித்துவிட்டேன். கெனெலுக்கு முன்னால் சாசேஜ் தட்டும் உண்டாம். ஷிரூபிள் ஒன்று, மொர்கோன் ஒன்று வாங்கப் போகிறேன்.

பழையபாடம்:
நல்லது. அந்த ஷிரூபிளைச் சாசேஜோடு தாராளமாக ஊற்றுங்கள். கெனெல் மேசைக்கு வரும்போது பாட்டில் காலியாகியிருக்க வேண்டும்.