மறு: மறு: 'சஸ்பென்ஸ்': திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

காட்சித் தொடர்பியல் முதலாண்டுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். மர்மம், திகில், சஸ்பென்ஸ் மூன்றையும் பிள்ளைகள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கு தெரியும்தானே? மேசைக்கடியில் இருக்கும் குண்டு நமக்குத் தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. முன்பே காட்டிவிட்டு, அதற்கு மேலே இருவரைச் சும்மா பேசவிட்டால் 15 நிமிட சஸ்பென்ஸ். கொலையாளி யார் என்று தேடுவது மர்மம். கதவுக்குப் பின்னால் அவன் நிற்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்றால் அதற்கு என்ன சொல்? இரண்டு இடத்தில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டும் கிராஸ் கட்டிங்குக்கும் ஒன்று கிடைத்தால் நல்லது. திங்கள் காலை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும்.
— தல்லாகுளம்

தம்பி,
சஸ்பென்ஸின் லத்தீன் மூலத்துக்குத் தொங்குதல் என்றுதான் பொருள். பழந்தமிழில் தொங்குவது தூங்குவது. தூங்கெயில் எறிந்த செம்பியனை, அதாவது தொங்கும் கோட்டையை அழித்த சோழனை, மறந்துவிட்டோமா? எனவே 'தூங்கல்'. வஞ்சிப்பா என்ற பாவகைக்கும் மெல்ல இழுத்துச் செல்லும் தூங்கல் ஓசைதான். ஷாட்டை நீட்டி, இசையை நிறுத்தி, கதவுப் பிடி திரும்புவதையே காட்டி இழுக்கிறார்களே, அது வஞ்சி நடை இல்லாமல் வேறென்ன? (தூக்கு என்பது தொல்காப்பியத்தில் செய்யுள் உறுப்பு. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.)
— திருப்பரங்குன்றம்

ஐயா, மத்தியானம் இரண்டு மணி வகுப்பில் 'இந்தக் காட்சி முழுக்கத் தூங்கல்' என்றால் பிள்ளைகள் அப்படியே ஒத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். 'பதைப்பு' போதும். எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் புரியும்.
— மேலூர்

பதைப்பு பார்ப்பவருக்கு வருவது. இயக்குநர் செய்யும் வேலை அதில் இல்லையே. உணர்ச்சிகளை வகுக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அதிர்ச்சிக்கு மருட்கை (வியப்பு) இருக்கிறது, திகிலுக்கு அச்சம் இருக்கிறது, இதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் நம்ம மதுரையில் நடந்த கதையே இருக்கும்போது மேசையும் குண்டும் எதற்கு? சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுங்கள். கண்ணகியின் சிலம்பை விற்கக் கோவலன் போகிறான். எதிரே காளை வருகிறது. 'இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான்', அது கெட்ட சகுனம் என்று தெரியாதவன் கோவலன். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன்தான் என்று அவன் நினைப்பாலேயே இளங்கோ நமக்குச் சொல்லிவிடுகிறார். கோவலனைக் குடிலருகே காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பொற்கொல்லன் அரண்மனைக்கு நடக்கிறான். அங்கே தலைவலி என்று சொல்லி அரசி ஊடிப் போகிறாள், மன்னன் பின்னாலேயே போகிறான். இங்கே ஒருவன் காத்திருக்கிறான், அங்கே ஊடல். கிராஸ் கட்டிங்கேதான். நாம் அறிந்ததைக் கோவலன் அறியான் என்பதுதான் உயிர். ஆகவே 'முன்னறி பதைப்பு'.
— ஆண்டாள்புரம்

எட்டு எழுத்து. அச்சுக்காரர் 'முன்னறிப் பதைப்பு' என்று ஒற்று வேறு போடுவார்.
— திருப்பரங்குன்றம்

போஸ்டரிலேயே 'சஸ்பென்ஸ் திரில்லர்' என்று தமிழில்தானே அடிக்கிறார்கள்? அப்படியே வைத்தால் என்ன குறை?
— உசிலம்பட்டி

சரி, நேரமில்லை. குறிப்பில் 'பதைப்பு', பக்கத்தில் சஸ்பென்ஸ் என்று போட்டுவிட்டேன். ஆண்டாள்புரம் அம்மாவின் சிலம்பு எடுத்துக்காட்டு அப்படியே பாடத்தில் சேர்கிறது. குறுக்குவெட்டு என்றால் பொறியியல் வரைபடம் நினைவுக்கு வருகிறது, அதனால் கிராஸ் கட்டிங் 'பின்னல் தொகுப்பு'. மூன்று பேர் ஆதரவு, மற்றவர் மௌனம்.
— தல்லாகுளம்

நான் மௌனம் இல்லை தம்பி. வெட்டுண்ட உடல் துடிப்பதும் பதைப்புதான். கதவு திறந்து கத்தி இறங்கிய பிறகு வருவதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?
— திருப்பரங்குன்றம்