அப்பாவின் சயாட்டிகா வலி: காலை எவ்வளவு உயர்த்தலாம்?

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 61. மாங்காய் சீசனில் கூடை தூக்கியதிலிருந்து இடது புட்டத்தில் கிளம்பும் வலி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இறங்குகிறது. கீழிடுப்பில் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம்; இந்த வலியைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொய்ந்தாலோ உடனே ஓடிவரச் சொன்னார் மருத்துவர். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி நான்தான் நீட்டிவிடுகிறேன். பாயில் மல்லாந்து படுப்பார். குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்தி 20 விநாடி பிடிப்பேன். ஒரு முழம் உயர்வதற்குள் பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்து, “போதும்டா” என்கிறார். முழங்காலை மடக்கி எதிர்த் தோள் பக்கம் கொண்டுபோனால் மட்டும், “ஆ, அங்கேதான்” என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

தொடை இழுப்பது சரி. வலி கெண்டைக்காலுக்கு ஓடினால் அங்கேயே நிறுத்துவதா, சற்றுத் தாழ்த்திப் பிடிப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறார்களா? பஸ்ஸில் போய்வந்தாலே வலி இரட்டிப்பாகிறது.

முதுகில் ஏறி மிதித்தால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா. அதற்கு மட்டும் நான் ஆளில்லை.