குரோம்பேட்டை இல்ல, அமெரிக்கா எம்.ஐ.டி.!

தக்கலைக்காரன்:
அங்க படிச்சு முடிச்சது 2009. இப்ப ஊர்லதான். விண்ணப்பிக்கிற பிள்ளைகள நேர்காணல் பண்ற தன்னார்வலரா சேரலாம்னு இருக்கேன். மார்க்கெல்லாம் நமக்கு அனுப்புவாங்களா? வீட்டுல வச்சுப் பேசலாமா? எங்க அக்கா மவளும் இந்த வருசம் விண்ணப்பம் போடுதா.

குளச்சல் அண்ணாச்சி:
மார்க் ஒண்ணும் வராது மக்கா, நீயும் கேக்கப்படாது. அக்கா மவள நீ நேர்காணல் பண்ண முடியாது. சொந்தம்னு முன்னாடியே சொல்லிரு. சம்பளமும் கிடையாது, கேட்டியா.

மார்த்தாண்டம் அக்கா:
வீடு வேண்டாம் தம்பி, வீடியோல பேசுங்க. போன ஜனவரில ஒரு பையன் மனப்பாடமா ஒப்பிச்சுட்டே இருந்தான். 'லீவுல என்ன செய்வ?'ன்னேன். அப்பாவோட வள்ளத்து இஞ்சினப் பிரிச்சு மாட்டுன கதை வந்துச்சு, 40 நிமிசம்! எம்.ஐ.டி.க்கு அனுப்புற அறிக்கையில அதத்தான் எழுதுனேன். 'நல்ல பையன்'னு மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்?

தக்கலைக்காரன்:
சரி, எங்க அக்காட்ட இத எப்படிச் சொல்ல? ஏத்தங்கா உப்பேரி இப்பவே குடுத்து விட்டுட்டா.