புதுப்பிப்பு: ஆர்பெல் வீட்டின் கண்கள் விழித்துவிட்டன

போன மாதம் ஒரு உதவி கேட்டிருந்தேன். பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் 'மோன் ஓன்க்ல்' (1958) படத்தில் வரும் ஆர்பெல் தம்பதியின் வீட்டை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கட்டுகிறேன்; மாடியிலுள்ள இரண்டு வட்ட ஜன்னல்களும் இரவுக் காட்சியில், படத்தில் போலக் கண்களாகத் தெரியாமல், வெறும் ஓட்டைகளாகத் தெரிகின்றன, என்ன செய்யலாம் என்று. தீர்ந்துவிட்டது!

கோளாறு விளக்கில் இல்லை. படத்தில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று தோட்டத்தை எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுடைய தலைகள்தான் கருவிழிகள். நான் ஆளில்லாத வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கரிய உருவங்களை நிறுத்தி, விளக்கை அவற்றுக்குப் பின்னால் தள்ளி, கேமராவைத் தோட்டத்தில் நேர் எதிரே தாழ்வாக வைத்தேன். உருவங்களை ஒருசேர இடப்பக்கம் நகர்த்தியதும் வீடே திரும்பிப் பார்த்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

படத்தில் வரும் வீடு பிரான்ஸின் நீஸ் நகரில் விக்டோரின் ஸ்டுடியோவில் போட்ட செட். படப்பிடிப்பு முடிந்ததும் இடித்துவிட்டார்கள். அதனால் கதவின் உயரத்தை வைத்தே மற்ற அளவுகளை ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்கிட்டேன்.

வளைந்து போகும் நடைபாதை முடிந்தது. அப்புறம், முக்கியமான விருந்தாளி வந்தால் மட்டும் திறந்துவிடுவார்களே, அந்த மீன் நீரூற்று. மீன் வாயிலிருந்து தண்ணீர் எழும்புவது சரியாக வருகிறது; விழும்போதுதான் கண்ணாடித் துண்டு போலத் தெறிக்கிறது. அடுத்த வாரம் அதைத்தான் எடுக்கிறேன்.