1964க்கு அப்புறம் வந்த துப்பாக்கியெல்லாம் தகரமா?

ராயபுரம் பிட்டர்:
"கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினுக்கு முன்னால் பழைய கைவேலை நிற்காது, துப்பாக்கியானாலும் சரி" என்று ஒரு மேதாவி நேற்று இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து டீ இறங்கவில்லை. வின்செஸ்டர் மாடல் 70, 1936இல் வந்த வேட்டைத் துப்பாக்கி. குழலின் பின்வாயை மூடித் திறக்கும் இரும்புத் தண்டுக்குப் போல்ட் என்று பெயர். காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்க அந்தப் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு நகம் இருக்கும். 1964இல் செலவைக் குறைக்க அதைத் தூக்கிவிட்டுச் சின்னதாக ஒன்றைச் செருகினார்கள். பிடிக்கும் மரக்கட்டையில் கை வழுக்காமலிருக்கக் கையால் வெட்டிய கோடு போய், அச்சில் அமுக்கிய கோடு வந்தது. 1992இல் அதே நகம் திரும்பி வந்தது. ஏன் வந்தது? பதில் சொல்லட்டும்.

தண்டையார்பேட்டை சி.என்.சி.:
மேதாவி நான்தான் அண்ணே, பெயர் சொல்லியே திட்டலாம். அந்த நகம் 1898 மவுசர் என்ற ஜெர்மன் துப்பாக்கியிலேயே உண்டு, வின்செஸ்டர் கண்டுபிடித்தது இல்லை. 1962இல் வந்த ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கியில் அந்த நீள நகமே கிடையாது. அமெரிக்க ராணுவத்தின் எம்24 ஸ்நைப்பர் துப்பாக்கி அதன் மேல் கட்டியதுதான்.

கொருக்குப்பேட்டை வெல்டர்:
தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அளவா, உழைப்பா, பார்வையா? முதலில் அதைப் பேசுவோமே.

ராயபுரம் பிட்டர்:
ரெமிங்டனா? 2014இல் ட்ரிகரில் பசை கூடிப்போய், தானாகவே வெடிக்கலாம் என்று துப்பாக்கிகளைத் திருப்பி அழைத்ததே, அந்த ரெமிங்டனா? 2018இல் ஒரு திவால், 2020இல் இன்னொன்று. நகத்துக்கு வா தம்பி.

தண்டையார்பேட்டை சி.என்.சி.:
பசை கூடியது அசெம்பிளியில். அதற்கு என் மெஷினை ஏன் திட்டுகிறீர்கள்? நகம் இல்லாத போல்ட்டில் தோட்டாவின் அடியைச் சுற்றி முழு வளையமாக இரும்பு இருக்கும். தோட்டா கிழிந்தால் காஸ் முகத்தில் அடிப்பது குறையும். உங்கள் நகத்துக்காக அந்த வளையத்தை வெட்டித்தான் ஆக வேண்டும்.

ராயபுரம் பிட்டர்:
அப்படியென்றால் 1992இல் ஏன் திரும்பி வந்தது?

காசிமேடு எஞ்சின்:
கார்கில் குளிரில் நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கியில் மேகசின், அதாவது தோட்டா அடைக்கும் பெட்டி, விரிசல் விட்டது. அதுவும் நகத்தால்தானா அண்ணாத்தே?

ராயபுரம் பிட்டர்:
அது பிளாஸ்டிக். போட் எஞ்சினைப் பார். இப்போது இரும்புப் பொடியை மெழுகு, பிளாஸ்டிக்கோடு பிசைந்து, அச்சில் அடைத்து, சூளையில் சுட்டு எக்ஸ்ட்ராக்டர், அதாவது தோட்டாவை இழுக்கும் நகம், செய்கிறார்கள். சுடும்போது ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்குமாம். எக்ஸ்ட்ராக்டரா, அதிரசமா? முப்பத்தெட்டு வருஷம் அரம் பிடித்த கை இது.

தண்டையார்பேட்டை சி.என்.சி.:
எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அச்சையே பெரிதாக வெட்டுகிறார்கள். நீங்கள் ராவிப் பொருத்திய பாகத்தை வேறொரு துப்பாக்கியில் மாட்டுங்கள் பார்ப்போம். அது சரி, துப்பாக்கியைத் தொட்டதுண்டா?

ராயபுரம் பிட்டர்:
என்.சி.சி.யில் பாயிண்ட் 22 சுட்டிருக்கிறேன். நீ ஜாய்ஸ்டிக்கில் சுட்டவன்.

கொருக்குப்பேட்டை வெல்டர்:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

தண்டையார்பேட்டை சி.என்.சி.:
துல்லியம் பற்றிப் பேசுகிறவர், போன தீபாவளிக்கு வாங்கிப்போன என் மைக்ரோமீட்டரைத் தந்துவிட்டுப் பேசலாம்.

ராயபுரம் பிட்டர்:
அதில் ஜீரோவே சரியில்லை. சரிசெய்து வைத்திருப்பதே நான்தான்.

காசிமேடு எஞ்சின்:
அடேங்கப்பா! கடன் வாங்கியதிலும் குறையா?

தண்டையார்பேட்டை சி.என்.சி.:
கீழே போட்டிருப்பீர்கள். சனிக்கிழமை கடைக்கு வருகிறேன், எடுத்து வையுங்கள்.

ராயபுரம் பிட்டர்:
வா, வரும்போது என் வெர்னியரையும் கொண்டு வா. 1992க்குப் பதிலையும் எழுதிக்கொண்டு வா.