ஹுவான் சோட்டோ பரிமாற்றம்: ஓராண்டு வீரருக்காக ஐந்து பேரைக் கொடுத்தது சரியா?

இடதுகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேஜர் லீக் பேஸ்பாலைச் சில ஆண்டுகளாகத்தான் ஊன்றிப் பார்த்து வருகிறேன். ஆட்ட விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் உலகத் தொடர் முடிந்தபின், பிப்ரவரியில் பயிற்சி முகாம் தொடங்கும்வரை அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2023 டிசம்பரில் நடந்த பரிமாற்றம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சான் டியாகோ பாட்ரெஸ் அணி ஹுவான் சோட்டோவையும் ட்ரென்ட் கிரிஷமையும் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ஜானி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ் ஆகிய நான்கு பிட்சர்களையும் (பந்து வீசுபவர்கள்) கைல் ஹிகாஷியோகா என்ற கேட்சரையும் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) பெற்றது. சோட்டோவுக்கு அப்போது வயது 25. அந்தத் தலைமுறையின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவர் அவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. யாங்கீஸுக்கு ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, 2024 டிசம்பரில் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் அதே நகரின் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

அப்படியானால், இவ்வளவு பெரிய வீரரை பாட்ரெஸ் ஏன் விட்டுக்கொடுத்தது? ஓராண்டில் போகக்கூடியவர் என்று தெரிந்தும் யாங்கீஸ் ஏன் ஐந்து பேரைக் கொடுத்தது? இத்தகைய பரிமாற்றத்தை மதிப்பிடும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது வீரரின் திறமையை அல்ல, அவர் மீது அணிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உரிமை இருக்கிறது என்பதை. மேஜர் லீக்கில் ஒரு வீரர் ஆறு முழு ஆண்டுகள் ஆடி முடிக்கும்வரை அவரை அணியே கட்டுப்படுத்துகிறது. ஒரு பருவத்தில் 172 நாட்கள் பட்டியலில் இருந்தால் அது ஓராண்டு எனக் கணக்காகும். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2024இல் அது 7,40,000 டாலர். அதன்பின் நடுவர் தீர்ப்புமுறை வழியாகச் சம்பளம் ஆண்டுதோறும் ஏறும். ஆறு ஆண்டுகள் முடிந்தவுடன் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சோட்டோ இரண்டு முறை கைமாறியதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை பாட்ரெஸுக்குக் கொடுத்தபோது, அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக இரண்டரைப் பருவங்கள் மீதமிருந்தன. அதற்குச் சற்று முன்புதான் 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் என்ற நேஷனல்ஸின் அழைப்பை அவர் மறுத்திருந்தார். அவருக்கும் ஜாஷ் பெல்லுக்கும் ஈடாக சி. ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஹார்லின் சுசானா ஆகிய இளம் வீரர்களை, லூக் வாய்ட் என்ற அனுபவசாலியோடு சேர்த்து நேஷனல்ஸ் பெற்றது. அவர்களில் ஏப்ரம்ஸ் 2024இலும், கோரும் வுட்டும் 2025இலும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். பதினாறு மாதங்கள் கழித்து அதே சோட்டோ, திறமையில் எள்ளளவும் குறையாமல், சந்தைக்கு வந்தபோது கிடைத்த விலை அதைவிடக் குறைவு. ஓராண்டே மிச்சமிருக்கும் குத்தகை நிலம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதற்கு முழு விலை கொடுப்பவர் இல்லை.

பாட்ரெஸின் நெருக்கடி வேறு வகையானது. அவர்களுடைய ஆட்டங்களை ஒளிபரப்பிய நிறுவனம் திவால் வழக்கில் சிக்கி, 2023 மே மாத இறுதியில் அவர்களுக்கான ஒளிபரப்பைக் கைவிட்டது. செலவுக்கு அஞ்சாத உரிமையாளர் பீட்டர் சைட்லர் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆடம்பர வரி (மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி கட்ட வேண்டிய வரி) கட்டியிருந்த அணி, 2024க்கான 23.7 கோடி டாலர் வரம்புக்குள் வர வேண்டியிருந்தது. சோட்டோவின் 2024 சம்பளம் மட்டுமே 3.1 கோடி டாலர். இதோடு அந்தக் குளிர்காலத்தில் அந்த ஆண்டின் சை யங் விருதாளர் (சிறந்த பிட்சருக்கான விருது) பிளேக் ஸ்னெல், சேத் லூகோ, மைக்கேல் வாக்கா, நிக் மார்ட்டினெஸ் ஆகியோரும் ஃப்ரீ ஏஜென்ட்களாகப் போய்விட்டதால், தொடக்க பிட்சர் (ஆட்டத்தை முதலில் தொடங்கி வீசுபவர்) வரிசை கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. பணம் குறைய வேண்டும், பிட்சர்கள் கூட வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே பரிமாற்றம் நிறைவேற்றியது.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தார்ப் 2023இல் மைனர் லீக் முழுவதிலும் அதிகபட்சமாக 182 ஸ்ட்ரைக்அவுட்களை (மூன்று ஸ்ட்ரைக்குகளால் மட்டையாளரை வெளியேற்றுவது) எடுத்தவர். பாட்ரெஸின் பொது மேலாளர் ஏ. ஜே. பிரெல்லர் அவரை மூன்று மாதங்களுக்குச் சற்று மேல்தான் வைத்திருந்தார். 2024 மார்ச்சில் அவரை முன்னிறுத்தி, இன்னும் மூவரைச் சேர்த்துக் கொடுத்து, சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து டிலன் சீஸைப் பெற்றார். ஆக, கிங், சீஸ் என இரண்டு தொடக்க பிட்சர்கள், ஒவ்வொருவர் மீதும் இரண்டு பருவ உரிமை. இருவரின் சம்பளத்தைக் கூட்டினாலும் சோட்டோவுடையதில் பாதியைத் தொடவில்லை. அந்தப் பருவத்தில் கிங் 2.95 ஈ.ஆர்.ஏ.வுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்கள்; குறைந்தால் நல்லது) 201 ஸ்ட்ரைக்அவுட்கள் எடுத்தார்; சீஸ் 224 எடுத்ததோடு, ஜூலையில் வாஷிங்டனுக்கு எதிராக ஒரு ஹிட்கூட விடாத ஆட்டத்தையும் வீசினார். 2023இல் சோட்டோவை வைத்துக்கொண்டு 82 ஆட்டங்கள் வென்ற அணி, 2024இல் அவரில்லாமல் 93 வென்றது.

வடக்குத் திண்ணை

எண்கணக்கு அவர்கள் சொன்னவற்றில் தகவல் பிழை ஏதுமில்லை. ஆனால் அவருடைய விளக்கத்தைப் படிப்பவர்கள், யாங்கீஸ் ஏமாந்துபோனது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2023இல் யாங்கீஸும் 82 ஆட்டங்கள்தான் வென்றது. 2016க்குப் பிறகு முதன்முறையாக பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. ஆரோன் ஜட்ஜ் தம் உச்சத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் ஆடி பேஸில் நிற்க ஆள் இல்லாததும், இடதுகை மட்டையாளர்கள் போதாததும் எல்லோருக்கும் தெரிந்த குறைகள். சோட்டோ வந்ததும் இரண்டும் ஒருசேரத் தீர்ந்தன. 41 ஹோம் ரன்கள், 129 வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்குப் போவது), 128 ரன்கள் என்று அவர் ஆடிய ஆட்டம் ஜட்ஜின் 58 ஹோம் ரன் பருவத்துக்குத் துணை நின்றது. கிளீவ்லண்டில் அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் ஐந்தாம் ஆட்டம் 10ஆவது இன்னிங்ஸுக்குச் சென்றபோது, எதிரணி பிட்சர் ஹன்டர் காடிஸ் வீசிய கடினமான பந்துகளை ஒவ்வொன்றாக ஃபவுல் அடித்துத் தள்ளிக்கொண்டே காத்திருந்து, கடைசியில் சோட்டோ அடித்த மூன்று ரன் ஹோம் ரன்தான் 2009க்குப் பிறகு முதன்முறையாக யாங்கீஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோனது. அங்கே டாட்ஜர்ஸிடம் 4-1 என்று தோற்றது வேதனைதான். ஆனால் அந்த அக்டோபரைப் பார்த்த எவரிடமும், அதற்குப் பதிலாக மைக்கேல் கிங்கின் இரண்டு ஆண்டுகள் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்று சொல்பவர் அரிது.

இன்னொன்றையும் கருத வேண்டும். கொடுத்த ஐவரில் யாங்கீஸுக்கு உண்மையான இழப்பு என்று நான் கருதுவது கிங் ஒருவரை மட்டுமே. அவரும் புல்பென்னில் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசும் பிட்சர்கள்) பெயர் பெற்று, 2023இன் கடைசி வாரங்களில்தான் தொடக்க பிட்சராக முழுமையாக மாற்றப்பட்டவர். தார்ப் நல்ல வளரும் வீரர். ஆனால் வளரும் பிட்சர்களின் தோள்பட்டையையும் முழங்கையையும் நம்பித் திட்டமிட முடியாது. 2025 மார்ச்சில் அவருக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை (முழங்கைத் தசைநாரைச் சீரமைப்பது) செய்ய நேர்ந்தது. எதிர்காலத்தில் இவ்வளவு வெற்றிகள் தருவார் என்று இளம் வீரர் ஒருவருக்கு நாம் போடும் மதிப்பில், அவர் ஆடாமலே போகக்கூடிய ஆபத்தையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

நேஷனல்ஸ் பற்றியும் ஒரு சொல். அவர்களுக்குக் கிடைத்த இளைஞர்கள் நண்பர் சொன்னபடி நன்றாகவே ஆடினார்கள். இருந்தும் அணி 2023இலும் 2024இலும் 71 ஆட்டங்கள்தான் வென்றது, 2025இல் 66. அந்த ஜூலையில் பொது மேலாளர் மைக் ரிஸோவும் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸும் பதவி நீக்கப்பட்டார்கள். பரிமாற்றத்தில் உயர்ந்த விலை வாங்குவது ஒரு வேலை, வாங்கியவர்களைச் சுற்றி 26 பேர் கொண்ட ஓர் அணியைக் கட்டுவது வேறொரு வேலை. பின்னதைச் செய்யாதவர்களுக்கு முன்னது பயன்படவில்லை.

ஏரிக்கரை

இருவரும் பணமுள்ள அணிகளைப் பற்றியே பேசிவிட்டதால், சிறிய சந்தையில் இருந்துகொண்டு இதே வேலையை ஆண்டுதோறும் செய்கிற மில்வாக்கி ப்ரூவர்ஸையும் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குளிர்காலப் பரிமாற்றம் என்பதைப் புரிந்துகொள்ள அவர்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

2022 ஆகஸ்ட் முதல் நாள், தங்கள் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோதே, ப்ரூவர்ஸ் தலைசிறந்த குளோசரான (ஆட்டத்தின் கடைசிப் பகுதியை வீசி முடித்துவைக்கும் பிட்சர்) ஜாஷ் ஹேடரை பாட்ரெஸுக்குக் கொடுத்தார்கள். அந்த முடிவு உடைமாற்றும் அறையில் இருந்தவர்களின் மனத்தைப் புண்படுத்தியது. அந்த ஆண்டு ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃப் கைநழுவியது. அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஹேடருக்குக் கிடைத்தவர்களில் எஸ்டூரி ரூயிஸ் என்ற வேகமான வெளிக்கள வீரரை டிசம்பரில் நடந்த மூன்று அணிப் பரிமாற்றத்தில் ஓக்லண்டுக்குக் கொடுத்து, அட்லாண்டாவிடமிருந்து கேட்சர் வில்லியம் கான்ட்ரேராஸைப் பெற்றார்கள். நல்ல மட்டையாளராகவும் இருக்கும் கேட்சர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது பேஸ்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவருக்கு அப்போது ஐந்து பருவ உரிமை மிச்சமிருந்தது. 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகளும் அவர்கள் தங்கள் பிரிவை வென்றார்கள்.

அதே வழியில் 2024 பிப்ரவரியில், ஓராண்டு மிச்சமிருந்த முன்னாள் சை யங் விருதாளர் கார்பின் பர்ன்ஸை பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கொடுத்து, ஜோயி ஓர்ட்டிஸ், டி. எல். ஹால், ஒரு டிராஃப்ட் தேர்வு (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வாய்ப்பு) ஆகியவற்றைப் பெற்றார்கள். அந்த ஆண்டு முடிவில் அவர்களுடைய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) வில்லி ஆடமஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனபோது, மூன்றாம் பேஸில் ஆடிய ஓர்ட்டிஸ் அந்த இடத்துக்கு நகர்ந்தார். காலியான மூன்றாம் பேஸுக்கு யார் வந்தார் தெரியுமா? மறுபடியும் ஒரு குளோசரை, டெவின் வில்லியம்ஸை, யாங்கீஸுக்குக் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவரான கேலப் டர்பின். 2025இல் அவர்கள் 97 ஆட்டங்கள் வென்றார்கள். லீக்கிலேயே அதுதான் அதிகம். உலகத் தொடர் பட்டம் இன்னும் இவர்களுக்கு வாய்க்கவில்லை என்று வடக்குத் திண்ணை அவர்கள் சொல்லக்கூடும். அதற்கு என்னிடம் மறுப்பில்லை.

இடதுகை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீதமிருக்கும் ஆண்டுகளைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. ஆனால் ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. பெரிய வீரர் ஒருவர் ஃப்ரீ ஏஜென்டாகப் போனால், அவரை இழந்த அணிக்கு டிராஃப்டில் ஈட்டுத் தேர்வு ஒன்று தருகிறார்கள் அல்லவா? பாட்ரெஸ் சோட்டோவை 2024 முழுவதும் ஆட வைத்துவிட்டு, அந்தத் தேர்வைப் பெற்றுக்கொண்டிருக்கலாமே?

எண்கணக்கு

நல்ல கேள்வி. ஆனால் அந்த ஈட்டுத் தேர்வு எல்லா அணிக்கும் ஒரே மதிப்புள்ளதாக இருப்பதில்லை. வருவாய்ப் பகிர்வு (பணமுள்ள அணிகளின் வருவாயிலிருந்து தரப்படும் பங்கு) பெறும் அணி ஒன்று, 5 கோடி டாலருக்குக் குறையாத ஒப்பந்தத்தில் போகும் வீரரை இழந்தால், முதல் சுற்று முடிந்தவுடன் தேர்வு கிடைக்கும். ஏரிக்கரை அவர்கள் குறிப்பிட்ட பர்ன்ஸ் ஓராண்டு கழித்து அரிசோனாவுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் போனபோது, பால்டிமோருக்கு அப்படித்தான் கிடைத்தது. எனவே அவர்கள் கொடுத்த விலையில் ஒரு பங்கு திரும்பி வந்தது.

முந்தைய பருவத்தில் ஆடம்பர வரி வரம்பைத் தாண்டிய அணிக்கோ, நான்காவது சுற்று முடிந்தபிறகுதான் தேர்வு தரப்படும். சோட்டோவை இழந்தபோது யாங்கீஸுக்குக் கிடைத்ததும் அதுவே. பாட்ரெஸ் சோட்டோவை வைத்திருந்தால், அவருடைய 3.1 கோடி டாலரோடு வரம்பைத் தாண்டியிருப்பார்கள். காலியான பிட்சர் இடங்களுக்கும் தனியாகப் பணம் தேடியிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் தாண்டியவர்களுக்கான 50 சதவீத வரியையும் அதிகப்படியான தொகைக்குக் கட்டியிருக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு கையில் வருவது நான்காம் சுற்றுக்குப் பிந்தைய ஒரு தேர்வு. அவரைக் கொடுத்ததால் 2024இல் வரம்புக்குள் வந்தார்கள், வரி விகிதம் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பியது. அவரும் கிரிஷமும் விட்டுச்சென்ற வெளிக்கள இடங்களில் 10 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்துக்கு ஒப்பந்தமான ஹூரிக்சன் ப்ரோஃபாரும், அதுவரை ஷார்ட்ஸ்டாப்பாக வளர்க்கப்பட்ட 20 வயது ஜாக்சன் மெரிலும் இறங்கினார்கள். இருவரும் தலா 24 ஹோம் ரன்கள் அடித்தார்கள். இதில் பாட்ரெஸின் நல்வாய்ப்புக்கும் பங்குண்டு என்பதை மறைக்க மாட்டேன். மெரில் முதல் ஆண்டிலேயே அப்படி ஆடுவார் என்று டிசம்பரில் யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது.