இடது கை எங்கே இருக்கிறது?

வேலூரில் பொது அறுவை மருத்துவ முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே திரையில் பார்த்துச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் சிகிச்சை ஒன்றில் பித்தப்பைத் தமனியிலிருந்து இரத்தம் கசிந்து திரை முழுவதும் சிவந்துவிட, நான் எதையும் பார்க்காமலேயே இரத்தக்குழாயை அடைக்கும் கிளிப்பைப் போட முனைந்தேன். மூத்த மருத்துவர் தடுத்துக் கருவியை வாங்கிக்கொண்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. குருட்டாம்போக்கில் போடும் கிளிப் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தையே நெரித்துவிடக்கூடும் என்று படித்திருந்தேன். படித்தது அந்த நொடியில் கைக்கு வரவில்லை. "உனக்கு நெஞ்சுரம் போதாது" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்கள். அதை எப்படி வளர்ப்பது என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த பிரிவில் இருந்த பேராசிரியை ஒருவர்தான் வழி காட்டினார். அடுத்த அறுவைக்கு முந்தைய நாள் மாலை என்னை உட்கார வைத்து, "நாளைக்குச் செய்யப்போவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்மா" என்றார். கொக்கியால் சவ்வைப் பிரிக்கிறேன், பித்தப்பை நாளத்தைத் தனியாக்குகிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். "இடது கை எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பித்தப்பையின் கழுத்தைப் பிடித்திழுத்துக் பித்தப்பை நாளமும் தமனியும் இருக்கும் 'காலோ' (Calot) முக்கோணத்தை விரித்துக் காட்டுவதே அந்தக் கைதான். என் மனக்காட்சியில் அது இல்லவே இல்லை.

மறுபடி சொல்லும்போது, "இப்போ ரத்தம் வருது" என்று இடைமறிப்பார். இடது கையில் பிடித்திருக்கும் பித்தப்பைக் கழுத்தையே கசியும் இடத்தில் வைத்து அழுத்துகிறேன், மூச்சை நீளமாக விடுகிறேன், உறிஞ்சுகுழலைக் கேட்கிறேன், இடம் தெளிந்த பிறகே கிளிப்பைத் தொடுகிறேன் என்று தடுமாறாமல் சொல்லும்வரை விடமாட்டார். தடங்கலில்லாத சிகிச்சையை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது பாதிப் பயிற்சிதான் என்பது என் உறுதியான கருத்து. கோட்டை அகழியோரம் நடக்கும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு மாதங்களுக்குப் பின் உண்மையாகவே கசிந்தபோது, என் இடது கை முதலில் நகர்ந்தது.

மறுமொழி: இயன்முறை மருத்துவர், காட்பாடி

எங்கள் துறையில் இது பழைய பாடம். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் 1948-இல் சீரமைப்பு அறுவையைத் தொடங்கினார். அந்த வகைச் சிகிச்சையில் விரலை மடக்கும் தசைநாணை இடம் மாற்றித் தைக்கும்போது, அதே தசை இனி விரலை நீட்டவும் உதவ வேண்டியிருப்பதால், அந்தத் தசையை மட்டும் தனியே இயக்க நோயாளிக்கு அறுவைக்கு முன்பே கற்றுக்கொடுக்கிறோம். கத்தி பிடிப்பவருக்கும் அந்த முன்பயிற்சி வேண்டாமா?

மறுமொழி: அறுவை அரங்கச் செவிலியர், வேலூர்

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலின்படி, தோலைக் கீறுமுன் குழு முழுவதும் ஒரு கணம் நிற்கும்; சிக்கலான கட்டம் எது, எவ்வளவு இரத்தம் இழக்கக்கூடும் என்று அறுவை மருத்துவரைக் கேட்போம். பெரும்பாலும் மூத்தவரே பதில் சொல்லிவிடுகிறார். எங்கள் அரங்கில் மூத்தவர் ஒருவர் மட்டும் வாய் திறக்காமல் பயிற்சி மருத்துவரைப் பார்த்து நிற்பார். அந்தப் பயிற்சி மருத்துவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் கத்தியை எடுத்துக் கொடுப்பதில்லை.